பசை படாத போஸ்டர்

போஸ்டர் பிறந்ததே சுவரில் ஒட்டத்தான். ஆனால் சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டால் அதற்குப் பசை ஆகாது. மூலையில் ஊசித்துளை இருந்தால் விலை சரியும். மடிப்பு விழுந்தால் மனிதரே சரிந்துவிடுவார்.

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ் இந்த மோகத்துக்கு நன்றாகவே தூபம் போட்டது. டேவிட் ஹாக்னி, ஜோசப் ஆல்பர்ஸ், ஜேக்கப் லாரன்ஸ் என்று பெரிய ஓவியர்களாகப் பிடித்துப் போஸ்டர் வரைய வைத்தார்கள். ஹாக்னியின் வீரர் நீச்சல் குளத்தில் பாய்ந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்று அவர்மேல் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் வீடே அலறும்.

2012 லண்டனுக்கு 12 கலைஞர்கள். பிரிட்ஜெட் ரைலி தந்தவை வண்ணக் கோடுகள்; ஓட்டப் பாதை என்றும் சொல்லலாம், நீச்சல் தடம் என்றும் சொல்லலாம். ரேச்சல் வைட்ரீடோ ஒலிம்பிக் வளையங்களை, மேசையில் பாட்டிலும் தம்ளரும் வைத்தெடுத்த தடங்களாக்கினார்.

தம்ளர் கறைக்காகத் தினமும் திட்டு வாங்குகிறவர், அதையே கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறார். அந்த ஆண்டு 100 மீட்டரில் யார் ஜெயித்தார் என்று கேட்டால் விழிப்பார்; கையெழுத்து அசலா என்று கேட்டால் பூதக்கண்ணாடியோடு வருவார்.

விருந்தாளி காப்பித் தம்ளரோடு சட்டத்தை நெருங்கட்டும், மனிதர் தடகள வீரராகிவிடுவார்.