பெரிய ஊட்டுக்காரர்கள் சீமைக்குப் போன கதை

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கம் வாசலில் சாணிப் பிள்ளையார் உட்காருவார். அதே வாரத்தில் திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் நாலு வீட்டுத் திண்ணை காலியாகும். மகன் அமெரிக்காவில், மகள் துபாயில். ஐயனும் ஆத்தாளும் பெட்டியைத் தராசில் ஏற்றுவார்கள். இருபத்து மூணு கிலோவுக்கு மேல் போனால் கொள்ளுப்பொடியை எடுப்பதா, ஐயனின் வேட்டியை எடுப்பதா என்று சண்டை நடக்கும், வேட்டி தோற்கும். ஆறு மாசம் கழித்துத் திரும்பி வந்து, "அங்கெல்லாம் ஒருத்தனும் ஆரன் அடிக்கறதில்லீங்க" என்று நாமக்கல் லாரி ஸ்டாண்டில் நின்று சொல்லுவார்கள்.

இந்தக் கூத்தை நூறு வருஷத்துக்கு முன்பே நடத்திவிட்ட ஜோடி ஒன்று எங்கள் பக்கம் உண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன், அவர் மனைவி ராதாபாய்.

முதல் கலவரம் கல்யாணம். மாப்பிள்ளை கொங்கு வேளாளர். பெண் மங்களூர் சாரஸ்வதப் பிராமணர். அவருடைய அப்பா குத்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி சொந்தச் சாதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். கல்யாணம் நடந்தது 1912இல். இன்றைக்கே நடந்தாலும் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாரம் பால் தீரும். மலை மேல் பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடுகிற ஊர்தான். சாமிக்குக் கொடுத்த சலுகையை ஆசாமிக்குக் கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான்.

அடுத்தது சீமை. சுப்பராயனுக்கு ஆக்ஸ்போர்டில் வாதம் கல்லூரி. சட்டம் படிக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்த ஊர்க் குளிருக்கும் மூட்டுக்கும் சேர்த்தே வைத்தது போலிருக்கிறது. ராதாபாய்க்குச் சோமர்வில் கல்லூரி. அந்தக் காலத்து ஆக்ஸ்போர்டில் பெண்கள் வகுப்பில் உட்காரலாம், பரீட்சை எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது, 1920 வரை. பந்தியில் உட்காரம்மா, இலை மட்டும் கேட்காதே என்கிற நாகரிகம்.

காலமும் நல்ல காலமாகப் பார்த்துத்தான் அமைந்தது: முதல் உலகப் போர். 1915 டிசம்பர் 30 அன்று, கிறிஸ்துமஸ் கேக் காய்வதற்குள், இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த 'பெர்ஷியா' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மத்தியதரைக் கடலில் மூழ்கடித்தது. முன்னூறு பேருக்கு மேல் செத்தார்கள். லண்டன் வானத்திலிருந்து செப்பலின் ஆகாயக் கப்பல்கள் குண்டு போட்டன. இவ்வளவுக்கும் நடுவில், 1916 நவம்பர் 1 அன்று லண்டனில் இவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். முதல் பிரசவத்துக்குத்தான் தாய்வீடு என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. இது முதல் பிரசவம் இல்லை என்பதால் மன்னித்துவிடலாம். பையனுக்கு மோகன் என்று பெயர். அவனைக் கதையின் கடைசியில் பார்ப்போம்.

சுப்பராயன் 1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். 1930 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயிக்க, அக்டோபர் 27 அன்று நாற்காலி போயிற்று. சரியாகப் பதினாறு நாள் கழித்து, நவம்பர் 12 அன்று, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முதல் வட்டமேஜை மாநாட்டைத் தொடங்கி வைத்தார். இந்தியாவிலிருந்து போன அத்தனை தலைப்பாகைகளுக்கு நடுவே இரண்டே பெண்கள்: பேகம் ஷா நவாஸ், நம்ம ராதாபாய். ஐயா நாற்காலியை விட்டு எழுந்த சூடு ஆறுவதற்குள் அம்மணி அரண்மனையில் உட்கார்ந்துவிட்டார். அர்த்தநாரி கணக்கில் நஷ்டமே இல்லை.

காங்கிரஸ் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதற்காக, சேலத்து வக்கீல் ராஜாஜி அந்த வருஷம்தான் ஜெயிலுக்குப் போனார். ஒரே ஜில்லாவிலிருந்து ஒருவர் மன்னர் செலவில் ஜெயிலுக்கு, இன்னொருவர் மன்னர் அழைப்பில் அரண்மனைக்கு. மாநாடு கிறிஸ்துமஸைத் தாண்டி, பொங்கலைத் தாண்டி, ஜனவரி 19 வரை இழுத்தது. குமாரமங்கலத்தில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் செருகிக் காப்புக் கட்டியிருப்பார்கள். பட்டியில் மாட்டுக்குப் பொங்கல் வைத்திருப்பார்கள். ஜமீன்தாரிணி தேம்ஸ் பனியில் மந்திரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டது என்ன? சட்டசபையில் பெண்களுக்குக் கொஞ்ச காலத்துக்காவது சில இடங்களை ஒதுக்குங்கள் என்பதுதான். வெள்ளைக்காரன் யோசித்தான், இங்கே இருந்த பெண்கள் சங்கங்களே எதிர்த்தன. சலுகை வேண்டாம், எல்லாருக்கும் ஓட்டுரிமை கொடு என்பது அவர்கள் கட்சி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்ததால் சண்டை பலமாகவே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு என்று நம் பாராளுமன்றம் சட்டம் போட 2023 ஆயிற்று. அவசரப்படக் கூடாதல்லவா.

ராதாபாய் சும்மா இருக்கவில்லை. 1938இல் பொதுத் தொகுதியிலேயே ஜெயித்து, மத்திய மேல்சபைக்குள் நுழைந்த முதல் பெண்ணானார்.

சீமைப் பயணத்தில் வந்து சேர்ந்த சாமான்களைத்தான் ஜமீன்தார் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளையும் அங்கேயே படிக்கவைத்தார். மூத்தவர் பட்டாளத்தில் சேர்ந்து பின்னால் தரைப்படைத் தளபதியானார். சரி, ஜமீனுக்கு அழகு. மோகன் பிரபுக்கள் படிக்கும் ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் எல்லாம் முடித்து, கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார். ஆக்ஸ்போர்டு போன மகள் பார்வதியும் அதே. ஜமீன் வரும்படியில் ஃபீஸ் கட்டி, ஜமீனை ஒழிக்கப் பாடம் படித்த பிள்ளைகள்! 1957 பாராளுமன்றத்தில் திருச்செங்கோட்டு உறுப்பினராக அப்பா காங்கிரஸ் பெஞ்சில். கோயம்புத்தூர் உறுப்பினராக மகள் எதிர் பெஞ்சில். "ஏனுங்கப்பா" என்று ஆரம்பித்தாரா, "மாண்புமிகு" என்று ஆரம்பித்தாரா?

மோகனும் பிற்பாடு காங்கிரசுக்கு வந்து, 1971இல் மத்திய உருக்குத் துறை மந்திரியானார். சேலம் இரும்பாலைக்கு முந்தின வருஷம்தான் அடிக்கல் நட்டிருந்தார்கள். அந்த இரும்பாலைச் சாலையில்தான் இன்று அவர் பெயரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போர்டில் முழுப்பெயரும் பெரிசாக எழுதியிருக்கும். பஸ் நின்றதும் கண்டக்டர் படியைத் தட்டுவார்: "மெடிக்கல் காலேஜ் எல்லாம் எறங்கு, சில்லறை யாருக்குங்க பாக்கி?"