லேபல் மாஸ்டர்

ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு மேல்தான் கல்வி சூடுபிடிக்கும். விடிந்தால் முதலாம் பாடவேளை, கையில் ஒன்றும் இல்லை. "ஆரிட்டயும் தரம் 9 ஒருங்கமை சமன்பாட்டுக்குச் செயலட்டை இருந்தாப் போடுங்கோ சேர்மார்" என்று ஒரு ரீச்சர் கேட்பார். கேட்டு வாய் மூடவில்லை, கோப்புகள் வந்து விழும். ஒன்றின் பெயர் 'ஸ்கான் 0007'. இன்னொன்று 'நியூ டொக்குமென்ட் 3'. மற்றது 'பைனல் பைனல் ஒறிஜினல்'. திறந்து பார்த்தால் முதலாவது தரம் 11 புவியியல். இரண்டாவதில் பக்கங்கள் தலைகீழ். மூன்றாவது யாரோ ஒருவரின் இடமாற்ற விண்ணப்பம்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பல்தீவிலிருந்து எங்கள் லேபல் மாஸ்டர் வருவார். வணக்கம் இல்லை, பூச்செண்டு இல்லை. ஒரேயொரு கோப்பு. பெயர்: த9_கணி_தே17_ஒருங்கமை_செயலட்டை_விடையுடன்_தமிழ்_2023. திறந்தால் உள்ளேயும் அதுவேதான் இருக்கும்! உடனே கும்பிடும் கைகள் ஐம்பது அறுபது வரிசையாக வந்து அந்தக் கோப்பை மேலே தள்ளிவிடும். நன்றியிலேயே கோப்பு காணாமற் போய்விடும். அடுத்த தவணை அதே ரீச்சர் அதே கேள்வியைக் கேட்பார்.

இந்த இனத்து மனிதர் வலயத்துக்கு ஒருவராவது இருக்கிறார். சிலருக்குப் பென் டிரைவ், சிலருக்குக் கூகுள் டிரைவ், அவ்வளவுதான் வித்தியாசம். கரைவலை மீனைப் பிரிக்கிற மாதிரி, வந்து குவிந்ததை இருந்து பிரிப்பார்கள். 2020 மார்ச்சில் கொரோனா பாடசாலைகளைப் பூட்டியபோது மற்றவர்களின் தொலைபேசி நிரம்பி வழிந்தது. இவர்களுடையது ஒழுங்கானது.

'தே17' என்றால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பாடத்திட்டத்தில் தரம் 6 முதல் 11 வரை கணிதத்துக்குத் தேர்ச்சிகள் 31. எட்டு என்றால் பரப்பளவு, பதினேழு என்றால் சமன்பாடு, முப்பது தொடைகள், முப்பத்தொன்று நிகழ்தகவு. ஒவ்வொன்றும் தேர்ச்சி மட்டங்களாகப் பிரியும். வகுப்பு ஏறினாலும் இலக்கம் மாறாது. ஆகவே தரம் போடாமல் வெறுமனே 'தே17' என்று எழுதினால் அது தரம் 7 பிள்ளைக்கும் பொருந்தும், ஓ.எல். எழுதப்போகும் பிள்ளைக்கும் பொருந்தும், உண்மையில் ஒருவருக்கும் பொருந்தாது. மாஸ்டருக்கு இந்த இலக்கங்கள் ஆசிரியர் வழிகாட்டியில் இருந்து இறங்கி நாக்கில் குடியேறிவிட்டன. நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் "மாஸ்டர், ஏழு மணி பஸ் வருமோ?" என்று கேட்டால், "அது முப்பத்தொண்டு" என்பார். மைத்துனர்மார் காணி எல்லைக்குச் சண்டை பிடித்தால் "எட்டு" என்பார். வீட்டில் என்ன இலக்கத்தில் பேசுகிறார் என்று அவருடைய வீட்டுக்கார அக்காவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

குறையும் உண்டு. பெயரில்லாத கோப்பை ஏற்கமாட்டார். புதிதாக நியமனம் கிடைத்து வந்த தம்பி ஒருவர் ஆசையோடு தான் எழுதிய செயலட்டையை அனுப்பினார். "எந்தத் தரம்? எந்தத் தேர்ச்சி மட்டம்? விடை எங்கே?" தம்பி அதன்பிறகு குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டுமே போடுகிறார். ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமான செய்தி வந்தது. அதற்கும் மாஸ்டர், "பாடம், பாடசாலை, ஆண்டு குறிப்பிட்டு மீள அனுப்பவும்" என்று எழுதிவிட்டார். அன்றைக்குக் கும்பிடும் கை ஒன்றும் வரவில்லை.

ஆனால் அவருடைய எதிரி யார் தெரியுமா? பாமினி. எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் தலைமுறையாகத் தட்டச்சு செய்வது அந்த எழுத்துருவில். கண்ணுக்குக் 'கணிதம்' என்று தெரியும். கணினியின் வயிற்றுக்குள் கிடப்பதோ எஃப், இசட், பி, ஜே, கே, ஓர் அரைப்புள்ளி. கூகுளிடம் கணிதம் கேட்டால் அது எப்படித் தரும், பாவம்? தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பும் செயலட்டையில் அந்த எஃப்கூட இல்லை. மாஸ்டர் பாமினியில் வந்ததை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றுகிறார். படமாக வந்ததற்கு வெளியே பெயர் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போகின்றன.

யூரியூப்பில் தேடலாமே என்பீர்கள். தேடினால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு வரும். அருமையான பாடம், நல்ல தமிழ், தெளிவான கரும்பலகை. ஆனால் அலகின் ஒழுங்கு வேறு, பரீட்சை வேறு. எங்கள் பிள்ளை எழுதப்போவது இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாளை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளத்தில் தரம், பாடம், மொழிமூலம் என்று அடுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். என்றாலும் ஆசிரியர்கள் நாளாந்தம் எழுதித் தள்ளும் செயலட்டைகளின் சொந்த ஊர் வட்ஸ்அப்தான்.

கணித வாத்தியார்மாருக்கு இந்தப் பைத்தியம் புதிதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பிறகு புத்தகங்களைப் பிரித்து அடுக்கத் தானே ஒரு முறை கண்டுபிடித்து, 1933இல் கோலன் பகுப்புமுறை என்று வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதையே நூலகத்துக்கு ஒரு விதியாக்கிய மனிதர். அவருக்கு முக்காற்புள்ளி, எங்கள் மாஸ்டருக்குக் கீழ்க்கோடு. 2011இல் அமெரிக்காவில் எல்.ஆர்.எம்.ஐ. என்று ஒரு முயற்சி தொடங்கினார்கள். ஒரு கற்றல் பொருள் எந்த வயதுக்கு, எந்தப் பாடத்திட்ட நியமத்தோடு பொருந்தும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத் தேடுபொறிக்கு விளங்கும்படி இணையப் பக்கத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் முறை அது. இதைப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். "கீழ்க்கோடு போடுறாங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

சிரிக்கிறோம்தான். ஆனால் தவணைப் பரீட்சை நெருங்கினால் கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் அவருக்குத்தான் அழைப்பு வரும். கேட்பவர் மணி பார்ப்பதில்லை. அவரும் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. 'எந்தத் தேர்ச்சி மட்டம்' என்று கேட்டுவிட்டுத்தான் தருவார், அது வேறு.

மாஸ்டருக்கு இன்னும் இரண்டு வருடத்தில் பென்சன். அவருடைய கூகுள் டிரைவின் கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். திருகோணமலையில் கணிதம் படிப்பிக்கும் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து ஒரு நடை சாம்பல்தீவுக்குப் போய் அதை வாங்கி வையுங்கள். போகும்போது உங்கள் கோப்புகளுக்குப் பெயர் போட்டுக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்.