வென்றாச்சோ, ஐயா?

தலைவர் அவர்கள்,
சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை,
கொழும்பு.

ஐயா,

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் தங்கள் சபைக்கான சட்டத்தை நிறைவேற்றிய செய்தி மட்டக்களப்பு வாவிக்கரைக்கும் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சூதாட்டச் சட்டத்தைத் தூக்கி எறிந்து, கசினோ, குதிரைப் பந்தயம், இணையச் சூது எல்லாவற்றையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். குடை யாருக்கு, மழை யாருக்கு என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

அதே ஆகஸ்டில் இந்தியா, காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்தது. ட்ரீம்11 என்ற அப்படியொரு ஆட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருந்த அவர்களுடைய கிரிக்கெட் அணி, ஆசியக் கிண்ணத்துக்கு வெறும் சட்டையோடு போனது. நாங்கள் அவ்வளவு பின்தங்கியவர்கள் அல்ல. எங்கள் லங்கா பிரீமியர் லீக் 2020இல் பிறக்கும்போதே நெற்றியில் மை11சேர்க்கிள் என்று அதேபோன்ற இன்னொரு ஆட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டுதான் பிறந்தது. அதற்கு முதல் வருடம், ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து வருடம் வரை மறியல் என்று சட்டம் போட்டிருந்தோம். ஆடுகிறவன் காசு வாங்கினால் மறியல். பார்க்கிறவன் காசு வைத்தால் அரசுக்கு வருமானம்.

அந்த லீக்கில் யாழ்ப்பாணத்துக்கு அணி உண்டு, நாலு தரம் கிண்ணமும் உண்டு. காலிக்கும் கண்டிக்கும் தம்புள்ளைக்கும் அணி உண்டு. கிழக்குக்கு இல்லை. பந்தயம் கட்ட மட்டும் கிழக்கானுக்குத் தடையில்லை. மென்பந்து சுற்றுப்போட்டிக்குத் தலைக்கு நூறு சேர்க்க நாக்குத் தள்ளும் எங்கள் பொடியனுகள், இரவில் போனுக்குள் பெரிய முதலாளிகள்.

ஐயா, சூது விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. வாவிக்குத் தெற்கே, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வருடாவருடம் 18 நாள் சடங்கு. பாரதம் படிப்பார்கள், தோற்றவர்கள் வனவாசம் போவார்கள், கடைசியில் தீமிதிப்பு. அந்தப் பாரதத்துச் சூதில் சட்டவிரோதம் ஒன்றுமே இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அரசனின் அனுமதி இருந்தது. அதற்கென்றே கட்டிய மண்டபம் இருந்தது. தருமன் வயது வந்தவன், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மேற்பார்வைக்குத் தங்களைப்போல ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாதவர். ஆகவே காய் உருளும்போதெல்லாம் ‘வென்றாச்சோ? வென்றாச்சோ?’ என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். எதை வைத்து ஆடுகிறான் என்று மட்டும் கேட்கவில்லை.

இப்போதும் அப்படித்தான் கணக்கு நடக்கிறது. சூது நடத்துவோரின் மொத்த வசூலுக்கான வரி 15 வீதத்திலிருந்து 18 ஆச்சு. (சடங்கும் 18 நாள், பாரதப் போரும் 18 நாள், வீதத்தை யார் நாள் பார்த்துக் குறித்தார்களோ.) கசினோவுக்குள் போகும் இலங்கையர் 50 டொலருக்குப் பதிலாக 100 கட்ட வேண்டுமாம். நல்லது. வாசல் இருந்தால்தானே வாசலில் மறிக்கலாம்? போனுக்கு வாசல் இல்லை. எழுவான்கரையில் ஒருவன் தோற்பதற்குக் கொழும்பு பஸ் ஏறவேண்டியதில்லை. பாயில் படுத்தபடியே தோற்பான். விடிந்தால் மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும். அதுவும் போனபிறகு நுண்கடன்காரர் கிழமைக்கொருதரம் வாசலுக்கு வருவார். அந்த வீட்டுக்கு வாசல் உண்டு.

சூதால் வரும் சமூகப் பாதிப்பைக் குறைப்பதும் தங்கள் கடமைகளில் ஒன்று என்று அறிகிறோம். ஆகவே அடுத்த சடங்குக்குச் சபை உறுப்பினர்கள் அனைவரும் பாண்டிருப்புக்கு வரும்படி இத்தால் அழைக்கிறோம். தருமருக்கும் தம்பிமாருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். திருதராட்டிரருக்கு நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டு வைக்கிறோம்.

வரியைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். தீக்குழியில் 18 வீதத்தை அளந்து, கயிறு கட்டி, தங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருப்போம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவும்.

இப்படிக்கு,
வாவிக்கரையில் ஒருவன்