ஆகாசத்துக்குப் பட்டா வாங்கின ஊரு

என்ன மருமவனே, மொட்டை மாடியில தட்டை மாட்டிட்டா நெட்டு ஆகாசத்துல இருந்தே இறங்கும், கேபிளு கீபிளுன்னு எவன் தயவும் வேண்டாம்னு சொல்லுதியாமே? ரொம்ப சந்தோசம். தெக்குப் பசிபிக்குல டோங்கான்னு ஒரு நாடு. சனம் ஒரு லச்சத்துச் சொச்சம்தான். அங்க ஒரு நடை போய், இதையே கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டு வா பாப்போம்.

2022 சனவரி 15-ல கடலுக்குள்ள கிடந்த எரிமலை வெடிச்சு, ஃபிஜிக்குப் போற 827 கிலோமீட்டர் கேபிளை அத்து எறிஞ்சிட்டு. வெளிநாட்டோட பேச இருந்ததே அது ஒண்ணுதான். நியூசிலாந்துக்குப் பிழைக்கப் போன பிள்ளையளுக்கு, அம்மை உசுரோட இருக்காளான்னு கேக்க வழி இல்ல. காசு அனுப்பவும் வழி இல்ல. கப்பல் வந்து ஒட்டுப் போட அஞ்சு வாரம் ஆச்சு. வவாவு மாதிரி வெளித்தீவுக்குப் போற உள்நாட்டுக் கேபிளும் அந்து, அங்க உள்ளவன் ஒண்ணரை வருசம் காத்துக் கிடந்தான்.

அப்பதான் ஈலோன் மஸ்க்கு 50 ஸ்டார்லிங்க் தட்டு ஓசியா அனுப்புனாரு. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாவ. பாத்தா என்ன தப்புங்கேன்? அந்தத் தட்டு மேல அனுப்புன சேதி எங்க இறங்குச்சு? ஃபிஜியில போட்ட தரை நிலையத்துல. அங்கேருந்து உலகத்துக்குப் போனது? நீ பழிக்கியே, அது மாதிரி இன்னொரு கடல் கேபிள்லதான்!

2024-ல வவாவு கேபிள் திரும்பவும் அந்துது. சனம் தானாவே தட்டை வாங்கி மாட்டிக்கிட்டு. லைசென்சு எங்கடேன்னு அரசாங்கம் நிப்பாட்டச் சொல்லிச்சு. ஊரே மூஞ்சியைத் தூக்கவும், தற்காலிக அனுமதின்னு இறங்கி வந்துது. கேட்ட கேள்வி சரிதான். கேட்ட நேரம்தான் கெட்ட நேரம்.

இதுல கூத்து என்னன்னா, 1980-கள் கடைசியில இதே டோங்காதான் செயற்கைக்கோள் நிக்குத இடம் 16 எனக்கு வேணும்னு எழுதிப் போட்டுது. பெரிய ஆளெல்லாம் குய்யோ முறையோன்னு கத்துனாவ. கடைசியில 6 கிடைச்சுது, வாடகைக்கும் விட்டுது. அப்ப சொந்தமா ஒரு கோள் கிடையாது, ஆகாசத்துல பட்டா மட்டும் உண்டு! இப்ப ஸ்டார்லிங்க்குல வாரது ஓடுத கோளு, ஓரிடத்துல நிக்காது. நிக்காதவனுக்குப் பட்டா எதுக்கு, வாடகை எதுக்கு?

டோங்கா கையில மிச்சம் இருக்கது, தன் மண்ணுல அலைவரிசையை இறக்க விடுத அந்த லைசென்சு ஒண்ணுதான். அதைச் சும்மா குத்திக் குடுத்திராதீங்கன்னு போய்ச் சொல்லு. தரை நிலையத்தை எங்க ஊருல வை, கேபிள் அந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு முதல்ல குடு, இணைப்பை வெட்டுததுன்னா எங்ககிட்ட கேட்டுட்டு வெட்டுன்னு எழுதி வாங்கச் சொல்லு. ஓசித் தட்டு வந்த அன்னைக்கு இதைக் கேட்டிருந்தா நன்றி கெட்டவன்னு பேரு வரும். இப்பதான் மாசாமாசம் காசு கட்டுதாவளே, கேக்கதுக்கு என்ன கூச்சம்?