மூணு பாயிண்ட் திருடன்

வா கண்ணு, இப்படி அடுப்போரமா உக்காரு. எதிர்வீட்டுக்காரன் ராத்திரியில உன்ற கார்ல காத்தைப் புடுங்கி உடறான்னு கேமரா மாட்டிப்போட்டயாமா? விடிய விடிய என்ன உழுந்துது அதுல? பனிதானே?

அதான் சாமி திருடன். நம்ம தலைகுந்தாவுல தை மாசத்து உறைபனி உனக்குப் புதுசா? மத்தியானம் 20 டிகிரி வெயில்ல டயருக்கு 33 பாயிண்ட் காத்துப் புடிச்சு நிறுத்தறே. விடியக்காலம் ஒரு டிகிரி. கம்பளிக்குள்ள நீ சுருண்டுக்கற மாதிரி டயருக்குள்ள காத்தும் சுருங்கும். ஆறு டிகிரிக்கு ஒரு பாயிண்ட்னு கணக்கு வையி, மீட்டரு 30தான் காட்டும். காத்து எங்கயும் போகலை. மறுக்கா மத்தியானம் அளந்தா 33 வந்து நிக்குதுன்னு நீதானே சொன்னே? எதிர்வீட்டுக்காரன் பாவப்பட்டுத் திருப்பி ஊதிட்டுப் போனானாக்கும்!

நாலு சக்கரத்துலயும் தராசு புடிச்ச மாதிரி மூணு மூணா எடுக்க அவனுக்கு நாணயம் பத்தாது கண்ணு. எனக்கே பத்து வருசமா 200 ரூபா தரோணும்.

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டு ஏத்துனவன் சொல்றேன், கேட்டுக்க. காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாலயே அள. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கற சீட்டுல என்ன போட்டிருக்கோ, அதை வையி. டயர் மேல பொறிச்சிருக்கறது அது தாங்கற உச்சம். அதைப் பாத்துப் புடிச்சயோ, கொண்டை ஊசி வளைவுல உன்ற கார் மாட்டு வண்டியாட்டம் குதிக்கும். நல்ல டயரே மாசம் ஒண்ணு ரெண்டு எறங்கத்தான் செய்யும். அதுக்கும் ஒரு கேமரா மாட்டிப்போடாதே.

ஆனா நேத்து பின்னால எடது டயரு மட்டும் 22ன்னியே, அது வேற சங்கதி. பனிக்கு ஓரவஞ்சனை தெரியாது. சோப்புத் தண்ணியக் கரைச்சு வால்வு வாயில ஊத்தோணும், அப்பறம் ரிம் ஓரமாச் சுத்தி, கடைசியா டயர் பட்டன் மேல. வால்வுல நுரை முட்டை கிளம்புனா உள்ள இருக்கற பின்னை மாத்துனாத் தீந்துது. ரிம் ஓரம்னா டயரைக் கழட்டித் துருவைச் சொரண்டோணும்.

உனக்குச் சிரமம் வேண்டாம்னு நானே ஊத்திப் பாத்துட்டேன். பட்டன் நடுவால முட்டை முட்டையா வருது. துருப்புடிச்ச ஆணி கீணி இல்ல, பளபளன்னு ஸ்குரூ. முந்தாநேத்து கேமரா மாட்டறப்ப ஒண்ணைக் காணோம்னு தேடுனயே?

அதைப் புடுங்கிப்போடாதே. அப்படியே காத்தடிச்சு பஞ்சர் கடைக்கு ஓட்டு. பம்பு இந்தத் தெருவுலயே எதிர்வீட்டுக்காரன்கிட்டத்தான் இருக்கு, போய்க் கேளு.