சம அசட்டுக் கோட்பாடு: நீலகிரிக்கு அலுவலாக வரும் அயல்நாட்டவரோடு நட்பாதல் குறித்து ஓர் ஆய்வு

வேலை விஷயமாகக் கடல் கடந்து வரும் சக ஊழியரோடு ஒட்டுறவு உண்டாவது எப்படி? மேலாண்மை அறிஞர்கள் தந்திருக்கும் விடை ‘டீம் பில்டிங்’. ஓட்டல் புல்வெளியில் கயிறு இழுக்க வைப்பார்கள். கண்ணைக் கட்டிப் பின்பக்கமாக விழச் சொல்வார்கள். இதனால் இடுப்பு பிடித்துக்கொண்டதற்குச் சான்று உண்டு, நட்பு பிடித்துக்கொண்டதற்கு இல்லை. ஆகவே இக்கட்டுரை வேறொரு கருதுகோளை முன்வைக்கிறது. வந்தவரும் உள்ளூர்க்காரரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் அசடு வழிய வேண்டும். இதைச் ‘சம அசட்டுக் கோட்பாடு’ என்று அழைப்போம். ஆய்வுக்களம் நீலகிரி. பயணப்படியில் போய்வரலாம் என்பது அதற்குக் காரணமல்ல.

வரலாற்றுச் சான்றிலிருந்து தொடங்குவதே மரபு. 1875ஆம் ஆண்டு, ஜபல்பூரில் மழைக்காலம். பொழுது போகாத வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதிதாக ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எளிதான பந்தை ஒருவர் கோட்டை விட்டதும் நெவில் சேம்பர்லின் (ஹிட்லரிடம் பேசப்போன பிரதமர் வேறு, இவர் வேறு) ‘ஸ்னூக்கர்’ என்று கேலி செய்தார். ராணுவப் பயிற்சிப் பள்ளியில் முதலாண்டு மாணவர்களைச் சீண்டும் பட்டப்பெயர் அது. கேலிக்கு ஆளானவர் முகம் சுண்டியதைப் பார்த்து, இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்னூக்கர்தானே என்று சமாதானமும் சொன்னாராம். 1938இல் சேம்பர்லினே தந்த விளக்கம் இது. ஜபல்பூருக்குப் பிறகு அவர் ஊட்டிக்கு வந்தார்; 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. உலகெங்கும் ஆடப்படும் ஓர் ஆட்டம், எல்லாரும் கத்துக்குட்டிகளே என்ற ஒப்புதலில் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் இது பாதிச் சான்றுதான். கிளப்பில் தட்டேந்தி நின்ற உள்ளூர்க்காரருக்கு அசடு வழியும் உரிமை தரப்படவில்லை.

முழுச் சான்று வேண்டுமானால் குன்னூரில் தேயிலை ருசிபார்க்கும் அறைக்குள் நுழைய வேண்டும். 1963 முதல் ஏலம் நடக்கும் ஊர். நீண்ட மேசை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் எடைபோட்டுப் போட்ட தூளில் இறக்கிய சாறு. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. கரண்டியில் மொண்டு, காற்றோடு சேர்த்து ‘சர்ர்ர்’ என்று இழுக்க வேண்டும். சாறு தூறலாக நாக்கெங்கும் படர்ந்து வாசம் மூக்குக்கு ஏற வேண்டும். பிறகு தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பை. கைதேர்ந்தவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளை இப்படிக் கடந்துவிடுவார்.

சத்தம் வராமல் குடி என்று தலையில் குட்டி வளர்க்காத தாய் எந்த நாட்டிலும் இல்லை. எனவே ஹாம்பர்க்கிலிருந்து வந்த துணைத் தலைவரும் சென்னையிலிருந்து வந்த மேலாளரும் முதல் கரண்டியை நாசூக்காக உறிஞ்சுகிறார்கள். ருசிபார்ப்பவர் தலையை ஆட்டுகிறார்: பத்தாது. இரண்டாவது முறை துணைத் தலைவர் துணிந்து இழுக்க, புரையேறுகிறது. நம்மவர் யோசிக்காமல் அவர் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, “யாரோ உங்களை நினைக்கிறாங்க” என்கிறார். மேலதிகாரியின் தலையில் தட்டிய பிறகு பதவி வரிசையில் மிச்சம் என்ன இருக்கும்? அடுத்த நிமிடமே தட்டியவருக்கும் புரையேறுகிறது. ஆய்வாளர் வேண்டுவது இந்த ‘அடுத்த நிமிட’த்தைத்தான்.

மலை ரயிலும் இதே முடிவைத் தருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். வந்தவர் முன்பெட்டியில் அமர்ந்து, எஞ்சின் எங்கே என்று கேட்பார். நம்மவர் மிடுக்காக முன்னால் கைகாட்டுவார். அங்கே கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் மட்டும் நின்றுகொண்டிருப்பார். குன்னூர்வரை எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. கல்லாறுக்கு மேல், 12 அடிக்கு 1 அடி ஏறும் இடங்களில், தண்டவாளத்தின் நடுவேயுள்ள பற்சட்டத்தைப் பற்றி ஏறும் அந்த ஏற்பாட்டை வகுத்தவர் சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட். வந்தவரும் சுவிட்சர்லாந்துக்காரராக இருந்துவிட்டால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அசடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

படுகர் நடனமும் நல்ல பலன் தரும். வெள்ளை உடுத்து வட்டமாக ஆடுபவர்கள் இருவரையும் கைப்பிடித்து உள்ளே இழுத்துவிடுவார்கள். பார்த்தால் நாலே அடி. எல்லாரும் திரும்பிய பிறகுதான் இவர்கள் இருவரும் திரும்புவார்கள், அதுவும் எதிரெதிர்த் திசையில்.

தொட்டபெட்டா சிகரத்தால் பயன் குறைவு. 2,637 மீட்டர் உயரத்தில் பெரும்பாலும் செல்ஃபி மட்டுமே விளைகிறது. மூடுபனி இறங்கி இருவருக்கும் ஒன்றும் தெரியாத நாளில் மட்டும் அரை மதிப்பெண் தரலாம்.

ஆகவே நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம். மலை ரயில் சீட்டை ‘உல்லாசப் பயணம்’ என்று சிவப்பு மையால் சுழிக்காமல் ‘டீம் பில்டிங்’ தலைப்பில் அனுமதியுங்கள். கோப்பையும் கொஞ்சம் வேகமாக நகர்த்துங்கள். சீசனில் முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரயிலே கிடையாது.