ஓர் அங்குல விமானி

ஞாயிற்றுக்கிழமை வீணாகப் போகிறதே என்று வருந்துவோருக்கு ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் எப்போதோ வழி சொல்லிவிட்டது: ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மாதிரி, துண்டு துண்டாக, பெட்டிக்குள். ஒட்டிச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

அளவு 72-இல் ஒரு பங்கு. ஆறடி விமானி இதில் ஓர் அங்குலம்தான். ஆனாலும் மனிதர் அல்லவா? முகத்துக்கு ஒரு வண்ணம், பெல்ட்டுக்கு ஒரு வண்ணம். பூதக்கண்ணாடியைப் பிடித்து, மூச்சை அடக்கிப் புருவம் தீட்ட வேண்டும். எதிரே கருவிப் பலகை. அதில் முள் முள்ளாக வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் காய்ந்ததும் விமான உடலின் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டிவிட வேண்டும். அந்தக் கருவிப் பலகையை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. கலை கலைக்காகவே என்பதை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் துறை வேறு உண்டா?

சக்கரம் இடுக்கியிலிருந்து தெறித்துக் கட்டிலுக்கடியில் போகும். தவழ்ந்து தேடலாம், உடற்பயிற்சிக் கட்டணம் மிச்சம்.

அடுத்து பச்சையும் பழுப்பும் பூசிப் பளபளப்பாக்கி, உடனே அதைப் பழசாக்க வேண்டும். தன் காரில் கீறல் விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவர், இங்கே வெள்ளி வண்ணம் வாங்கிவந்து கீறல் வரைவார். புகைக்கரியும் விலைக்குக் கிடைக்கிறது.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு. கைதேர்ந்தவர்கள் பெட்டியைத் திறப்பதே இல்லை. அலமாரி கொள்ளாமல் அடுக்குகிறார்கள், அடுத்த பெட்டிக்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் படையில் இன்றுவரை ஒரு விமானத்துக்கும் சேதமில்லை.